காணோம்

தமிழில் ஒரு பொருள் தொலைந்துபோனால் 'காணோம்' என்கிறோம். பேனாவைக் காணோம், சாவியைக் காணோம், பையனைக் காணோம். சொல்லின் உருவத்தை மட்டும் பார்த்தால் இது நம்மைப் பற்றிய வாக்கியம்: நாம் காண்கிறோமில்லை. ஆனால் பொருளைப் பற்றிய வாக்கியமாகத்தான் அதை வழங்குகிறோம்: அது இங்கே இல்லை. காண்கிறவனின் இயலாமை, காணப்பட வேண்டியதன் இன்மையாக மாறிவிடுகிறது. மாறிய இடம் யார் கண்ணிலும் படுவதில்லை. அன்றாடக் காரியங்களில் இது ஒரு சௌகரியம். பெரும்பாலும் தீங்கும் இல்லை. தீங்காகிற இடம் ஒன்றை எனக்கு ஒரு பழைய கார் ரேடியோ காட்டியது. கவிதை பற்றிப் பேசும் பக்கங்களில் துருப்பிடித்த போல்ட்டுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து ஒரு சொல்லை அதற்குரிய எடையோடு வைப்பது பற்றிய பிரச்சினைதான் இதுவும்.

காரைக்குடியில் நண்பர் ஒருவரிடம் ஒரு அம்பாஸடர் இருக்கிறது. 1958லிருந்து 2014 வரை உத்தர்பாராவில் பெரிய மாறுதல் இல்லாமல் செய்யப்பட்டுவந்த அந்த வண்டிக்கு இப்போது உதிரி பாகம் தேடுவதே ஒரு உத்தியோகம். செட்டிநாட்டில் பழைய வண்டிகள் பழைய வீடுகளைப் போலத்தான். உபயோகிப்பதைவிட வைத்துக்கொண்டிருப்பது முக்கியம். நண்பர் அந்த ரகமில்லை, ஓட்டுகிறவர். தேவகோட்டைக்கும் புதுவயலுக்கும் கல்யாணம், கேதம் எதற்கானாலும் அதில்தான். ரேடியோ முன்னால், ஸ்டியரிங்கிற்குப் பக்கத்தில். ஸ்பீக்கர் பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகையில்.

சென்ற வருஷம் ஆனி மாதவாக்கில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது குரல் நசுங்கும். பிறகு நின்றுவிடும். ரேடியோவின் முகத்திலுள்ள சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் சில சமயம் பாட்டு திரும்பும், சில சமயம் திரும்பாது. கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு குறையும் இல்லாமல் பாடும். இந்த அநுபவம் எல்லோருக்கும் உண்டு. பல்வலி டாக்டரின் வாசற்படியில் நின்றுவிடுகிற அதே அநுபவம்.

முதலில் போன கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். 'நல்லாத்தானேண்ணே பாடுது' என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தார். ரேடியோவுக்குப் போகும் ஒயரில் 12 வோல்ட் சரியாக இருந்தது. பின்னால் போய் ஸ்பீக்கரைப் பார்த்தார். காகிதக் கூம்பின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. புது ஸ்பீக்கர் போட்டார், காசு வாங்கிக்கொண்டார். பதினாறு நாள் பாடியது. பதினேழாம் நாள் தேவகோட்டை ரோட்டில் நின்றுபோனது. நண்பருக்குக் கோபம். ஏமாற்றிவிட்டான் என்றார். இல்லை என்றேன் நான். அந்த மனிதர் சொன்னதை அவரே நம்பினார், கிழிந்த கூம்பைக் கண்ணால் பார்த்தார், மாற்றினார், பாடியது, சந்தோஷப்பட்டார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு ஒரு கணமும் இல்லை. அப்படியானால் அவர் செய்தது தப்பே இல்லையா என்று நண்பர் கேட்டார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவதாகப் போனது செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அறுபதைத் தாண்டிய பாய் ஒருவர். அவர் ரேடியோவைத் தொடவில்லை. கேள்வி கேட்டார். சத்தம் போகிறபோது விளக்கு எரிகிறதா? பழைய மாதிரியே எரிகிறதா, மங்குகிறதா? அப்போது சத்தத்தைக் குறைத்தால் பாட்டு திரும்பி வருகிறதா? கடைசியாக ஒன்று: அந்த நேரத்தில் கார்க் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தீர்களா?

கண்ணாடிக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர் என்னைப் பார்த்தார். சம்பந்தம் நேரானது. கண்ணாடி இறங்கியிருந்தால் காற்று இரைகிறது. காற்று இரைந்தால் சத்தத்தைக் கூட்டுகிறோம். சத்தத்தைக் கூட்டினால் ரேடியோ அதிக மின்சாரம் இழுக்கிறது. கடை வாசலிலோ மரியாதைக்காகச் சின்னதாக வைக்கிறோம். கெட்டுப்போன இணைப்பு சின்ன மின்சாரத்தைத் தாங்கும், பெரியதைத் தாங்காது. நாலு நாளைக்கு வெறும் கையோடு நடக்கிற மனிதரை வைத்து அவர் முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மூட்டையைத் தூக்கி மாடி ஏறச் சொல்ல வேண்டும்.

முதல் கடைக்காரரின் மீட்டர் காட்டிய 12 வோல்ட் பொய்யல்ல. ஆனால் மீட்டர் மிக மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும் கருவி. ஒரு ஒயரின் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்திருந்தாலும் மீதி ஒன்று மீட்டருக்குப் போதும், முழு 12ஐயும் காட்டும். அதே ஒயரில் ஒரு பல்பைக் கட்டினால் அழுது வடியும். இதற்காகத்தான் பழைய ஆட்கள் மீட்டரை நம்பாமல் இரண்டு ஒயர் வைத்த பல்பு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். மேலும், அவர் அளந்தது மின்சாரம் போகிற வழியை. திரும்புகிற வழியை அளக்கவில்லை. கார்களில் திரும்புவதற்குத் தனி ஒயர் பெரும்பாலும் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே அந்த வழி. பாட்டரியின் ஒரு முனை உடம்போடு சேர்க்கப்பட்டிருக்கிறது. ரேடியோவின் தகரப்பெட்டி ஒரு இரும்புத் தாங்கியில் போல்ட்டால் முடுக்கப்பட்டு, அதன் வழியே உடம்பைத் தொடுகிறது. எர்த் என்பது அதுதான்.

பாய் நண்பரை ஓட்டச் சொல்லி, முன்சீட்டில் தான் உட்கார்ந்து, கோட்டையூர் ரோட்டுக்குப் போகச் சொன்னார். கண்ணாடிகளை இறக்கியாயிற்று. சத்தத்தை முழுக்கத் திருப்பியாயிற்று. மீட்டரின் ஒரு முனையை நீளமான ஒயரால் பாட்டரியின் எர்த் முனையோடு சேர்த்திருந்தார். மறு முனையை ரேடியோவின் தகரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டும் ஒன்றேயென்றால் முள் நகரக் கூடாது. ஒன்றரையில் நின்றது. ஒரு குழியில் வண்டி இறங்கியபோது நாலைத் தாண்டிக் குதித்தது, பாட்டு செத்தது. பாய் முகத்தில் அப்போது வந்த திருப்தியை எழுத எனக்குச் சாமர்த்தியம் போதாது. பழுது அவர் முன்னால் வந்துவிட்டது.

தாங்கியின் போல்ட்டுக்கு அடியில் பழைய பெயிண்டும் துருவும் செம்மண் தூசியும் சேர்ந்து ஒரு படலமாகியிருந்தது. அப்படியானால் ரேடியோ ஒரேயடியாகச் செத்திருக்க வேண்டுமே, விளக்கு எப்படி எரிந்தது? ஏரியல் ஒயரின் மேல் சுற்றியிருக்கும் பின்னல் கம்பியும் வண்டியின் உடம்பைத் தொடுகிறது. பெரிய வழி அடைபட்டபோது மின்சாரம் அந்த ஒற்றையடிப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தது. விளக்குக்கு அது போதும், முணுமுணுப்புக்கும் போதும். புது ஸ்பீக்கர் பதினாறு நாள் பாடியதன் ரகசியத்தையும் பாய் ஊகித்தார்: ஒயர் மாற்றும்போது ரேடியோவை அசைத்திருப்பார்கள், போல்ட் எங்கோ புதிதாக உராய்ந்து கொஞ்சம் பளபளப்பு கிடைத்திருக்கும். அதாவது வைத்தியம் ஒன்று, குணமானதன் காரணம் வேறொன்று. வைத்தியர் தன் வைத்தியத்தால்தான் குணமாயிற்று என்று நம்பிவிட்டார்.

உப்புத்தாளால் தேய்த்து போல்ட்டை முடுக்கியதும் முள் விழுந்தது, பாட்டு நிமிர்ந்தது. நண்பர் பர்ஸை எடுத்தார். பாய் போல்ட்டை மறுபடி தளர்த்தி, நடுவில் ஒரு காகிதத் துண்டைச் சொருகினார். பாட்டு நசுங்கியது. 'என்ன பாய், சரியாயிருச்சே, திரும்பக் கெடுக்கிறீகளே' என்றார் நண்பர். 'கெடுக்க முடிஞ்சாத்தாண்ணே நான் சரி பண்ணினதுன்னு தெரியும்.' காகிதத்தை எடுத்தார், முடுக்கினார், தகரத்திலிருந்து வண்டியின் உடம்புக்குத் தனியாக ஒரு கனத்த ஒயரும் போட்டார்.

நியாய சாஸ்திரக்காரர்கள் இதை அன்வயம், வியதிரேகம் என்பார்கள். இது இருக்கும்போது அது இருக்கிறது. இது இல்லாதபோது அது இல்லை. முதல் கடைக்காரரிடம் இருந்தது ஒரு பாதி மட்டும். கிழிந்த கூம்பைத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால் அதுவும் பாடியிருக்கும், அவர் நம்பிக்கை அங்கேயே உடைந்திருக்கும். ஆனால் சரியாகப் பாடுகிற ஒன்றைக் கெடுத்துப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

இன்மையை எப்படி அறிகிறோம் என்பது இந்தியத் தத்துவத்தில் பழைய சண்டை. மணிமேகலையின் 'சமயக்கணக்கர்தந்திறங் கேட்ட காதை'யில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று. ஏழாம் நூற்றாண்டுக் குமாரில பட்டரின் வழியில் வந்த மீமாம்ஸகர்கள் காணாமையைத் தனி ஒரு பிரமாணமாகவே ஒப்புக்கொண்டார்கள். பிரபாகரர் கட்சி மறுத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது பாட்டர்கள் கூடவே போட்ட நிபந்தனை. தரையில் பானை இல்லை என்பதை, பானையைக் காணாததால் அறிகிறோம்; ஆனால் இருந்திருந்தால் கண்டிருப்போம் என்ற நிலை வேண்டும். வெளிச்சம் வேண்டும், கண் வேண்டும், அந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இருட்டறையில் பானையைக் காணாதவன் பானை இல்லை என்று சொல்ல அருகதையற்றவன். யோக்யானுபலப்தி என்று இதற்குப் பெயர். பௌத்தரான தர்மகீர்த்தியும் வேறு பாதையில் இங்கேயே வந்து சேர்கிறார்: இயல்பிலேயே கண்ணுக்குத் தெரியாத பிசாசைக் காணாததால் பிசாசு இல்லை என்று ஆகாது, சந்தேகம் மட்டுமே மிஞ்சும். கடை வாசலில் நிற்கும் கார் ஒரு இருட்டறை. சின்னச் சத்தம், குலுங்காத வண்டி, திறந்தே இராத கண்ணாடி விளைவிக்கும் நிசப்தம் எல்லாம் சேர்ந்து பழுது தெரியவே முடியாத ஒரு இருட்டை உண்டாக்கியிருந்தன. பாய் செய்தது விளக்கேற்றிய காரியம்.

காரைக்குடிக்காரர்களுக்கு இந்த முறை அந்நியமாகப் படக் கூடாது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஊரிலேயே இருக்கிறது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். துரு என்பது அங்கே ஒரு முக்கியத் துறை. மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் மாதக்கணக்காகக் காயப்போட்டு, எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று எடை போடுகிறார்கள். துரு வராத இடத்தில் தகட்டை வைத்துத் துருவைக் காணோம் என்று எழுதுவதற்கு ஆய்வகம் தேவையில்லை. இன்னும் பழைய உதாரணமும் இங்கேயே கிடைக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நகரத்தார்கள் ஒருவனைப் பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, அடுத்தாளாக்கி, பல வருஷம் கழித்தே ஏஜெண்டாக்கிச் சாவியைக் கொடுத்தார்கள். பணம் கையில் இல்லாதவனின் நாணயத்தை அளந்தால் முழு 12 வோல்ட் காட்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி நண்பரின் கேள்வி. மனப்பூர்வமாக நம்பிச் சொன்னவன் தப்பு செய்தவனா?

1877ல் கிளிஃபர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நம்பிக்கையின் ஒழுக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. சந்தேகம் எழுகிறது. இத்தனை பயணம் போய்த் திரும்பியிருக்கிறதே, இதற்கென்ன என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி, கடைசியில் மனப்பூர்வமாகவே நம்பிவிடுகிறார். கப்பல் ஜனங்களோடு முழுகுகிறது. அவருடைய நம்பிக்கை உண்மையானது என்பது அவரை மன்னிக்காது, ஏனெனில் கையிலிருந்த சாட்சியத்தை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை கிடையாது என்பது கிளிஃபர்டின் வாதம். கப்பல் பத்திரமாகத் திரும்பியிருந்தாலும் குற்றம் குற்றமே, வெளியில் தெரிந்திருக்காது, அவ்வளவுதான் என்று ஒரு படி மேலேயும் போகிறார். கிளிஃபர்டு கொஞ்சம் கறார்ப் பேர்வழி. எல்லா நம்பிக்கைக்கும் இந்த அளவுகோலை வைத்தால் காலையில் எழுந்து காப்பி குடிக்க முடியாது. ஆனால் பிறருக்காக நம்புகிறவன், 'சரியாகிவிட்டது' என்று இன்னொருவனிடம் சொல்லி அனுப்புகிறவன் விஷயத்தில் அவரிடமிருந்து தப்ப எனக்கு வழி தெரியவில்லை.

ஸ்பீக்கர் விஷயத்தில் போனது ஒரு பாட்டு. எப்போதும் அப்படி இல்லை. 2014ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சாவி போடும் சுவிட்சின் பிடிப்பு போதாது. கனமான சாவிக்கொத்து தொங்கினால், வண்டி குலுங்கினால், முழங்கால் பட்டால் சாவி ஒரு படி பின்னுக்கு நகர்ந்துவிடும். இஞ்சின் அணைந்துவிடும். மோதலில் ஊத வேண்டிய காற்றுப்பை ஊதாது. அந்தப் படியில் பாடிக்கொண்டேயிருப்பது ரேடியோ. கார் விற்பனைக்கு வந்த காலத்திலேயே கம்பெனி ஆட்கள் ஓட்டியபோது முழங்கால் பட்டு வண்டி நின்றது. வாடிக்கையாளரின் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று வகைப்படுத்தி மூடினார்கள். பிறகு 2006ல் சுவிட்சின் உள்ளுறுப்பு சத்தமில்லாமல் மாற்றப்பட்டது, பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. அதனால் பின்னால் ஆராய்ந்தவர்கள் முன் வருஷத்துக் கார்களில் இருக்கும் பழுது பின் வருஷத்துக் கார்களில் ஏன் காணோம் என்று புரியாமல் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். கம்பெனியின் நஷ்டஈட்டு நிதி 124 சாவுகளை ஒப்புக்கொண்டது. நான் படித்தவரையில் அவர்களில் பெரும்பாலோர் அயோக்கியர்கள் அல்ல. கூட்டம் போட்டுத் தலையாட்டிக் கலைந்தவர்கள்.

தலையாட்டுவதற்கு நாமும் உடந்தை. ஒரு கடையில் புது ஸ்பீக்கருக்குப் பேரம் பேசாமல் காசு கொடுப்போம், கையில் ஒரு பொருள் வந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் பார்த்தேன், இன்னும் தெரியவில்லை என்கிறவனுக்குக் கொடுப்போமா? பார்த்ததற்குக் கூலி கிடையாது, மாற்றியதற்கு மட்டுமே கூலி என்று நாம் வைத்திருக்கும்வரை எதையாவது மாற்றிவிட வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு. பாய் அன்று எவ்வளவு கேட்டார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஸ்பீக்கர் விலையில் கால்வாசி. ரோட்டில் போனதற்கு அவர் ஒன்றும் கணக்கிடவில்லை. எனக்கு அது பெருந்தன்மையாகத் தோன்றவில்லை, அநியாயமாகத் தோன்றியது, அநியாயம் எங்கள் பக்கம்.

இதையெல்லாம் தர்க்கமாக எழுதிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது.

பதினெட்டு வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஆத்தாவுக்குக் கிறுகிறுப்பு வர ஆரம்பித்தது. வளவில் நடக்கும்போது, கிணற்றடியில் குனிந்து நிமிரும்போது. சில விநாடிதான். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றால் போய்விடும். அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் உட்காரவைத்து நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், படுக்கவைத்து ஈ.ஸி.ஜி. எடுத்தார். ஒரு ஈ.ஸி.ஜி. என்பது படுத்திருக்கும் மனிதரின் சில விநாடிகள். 'இப்போ ஒண்ணும் தெரியலே. மறுபடி வந்தா உடனே கூட்டிக்கிட்டு வாங்க' என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை அதிகமில்லை, ஒரு வார்த்தை குறைவுமில்லை. வீட்டுப் படியேறியதும் அப்பச்சி கேட்டார்கள். 'ஒண்ணுமில்லையாம்' என்றேன்.

'இப்போ'வைக் காணோம். 'தெரியலே'யைக் காணோம். நாலு தெருவுக்குள் இரண்டு சொற்களை எங்கே தவறவிட்டேன்? பொய் சொல்லும் எண்ணம் எனக்கும் ஒரு கணமும் இல்லை. சந்தோஷமாக இருந்தது. அப்பச்சிக்குச் சந்தோஷம், ஆத்தாவுக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு கிறுகிறுப்பு வந்தபோதெல்லாம் 'டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு' என்று ஆத்தாளே எங்களுக்குச் சமாதானம் சொன்னாள். மூன்று மாதம் கழித்து வளவுப் படியில் விழுந்து இடுப்பு முறிந்தது. மதுரையில் இருபத்துநாலு மணி நேரம் இதயத்தைப் பதிவு செய்யும் கருவியைக் கட்டினார்கள். அதை முதலில் யோசித்த ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1940களின் கடைசியில் செய்ததும் ஒரு ரேடியோதான். நாற்பது கிலோவுக்குக் கிட்டத்தில் எடையுள்ள மூட்டையை முதுகில் சுமந்து, நடமாடும் மனிதனின் இதயத் துடிப்பை ஒலிபரப்பியது. ஆத்தாவின் பதிவில் அன்று இரவு இரண்டு முறை, ஒவ்வொன்றும் நாலு விநாடிக்குமேல், கோடு தட்டையாக ஓடியிருந்தது. இடுப்போடு படுத்த உடம்பு அதற்கப்புறம் எழவில்லை.

முன்னாலேயே அந்தக் கருவியைக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பாளா என்பது வேறு கேள்வி. கோடு தட்டையாகாமலேயே ஒரு நாள் கழிந்திருக்கலாம். எத்தனை நாள் கட்டினாலும் மறுநாள் ஒன்று பாக்கி இருக்கும், எத்தனை குழியில் இறங்கினாலும் இன்னொரு குழி இருக்கும். எங்கோ ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்ளத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது நிறுத்திய இடத்தைச் சொல்வதைப் பற்றி. டாக்டர் சொன்னார். நான்தான் வழியில் விட்டேன்.

பாய் நண்பருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். 'சரி செய்யப்பட்டது' என்ற வார்த்தை அதில் இல்லை. எர்த் போல்ட் சுத்தம், தனி எர்த் ஒயர், ஃபுல் சவுண்டில் கோட்டையூர் ரோடு போய்வந்து பார்த்தது. அதற்குக் கீழே, அடிக்கோடு போட்டு: மழைக்கு அப்புறம் ஒரு தடவை கொண்டு வரவும்.

ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் முடிந்து மாதக்கணக்காகிறது. நண்பர் போகவில்லை. போனவாரம் கேட்டேன். நன்றாகத்தான் பாடுகிறதாம்.